வெண்டைக்கு ஊத்துன தண்ணி

– கத்தாதம்மா மஜீதா, தெருவே கேக்குது.

– கேக்கட்டும் ஜாபர் காக்கா. குப்பமேடா கெடந்த எடம் இது. தெருப் பொம்பளைங்க நாங்க மூக்கப் பொத்திக்கிட்டு அள்ளுனோம். மீன்தலையும் கீரத்தண்டும் மக்க வச்சு மண்ணாக்குனோம். ஒங்க தண்ணி பிளான்ட்டுலேருந்து இந்தப் பைப்பு வந்து ரெண்டு மாசம் ஆகல, வெண்டை பூராம் கருகி நிக்கிது.

– வெயிலும்மா. பங்குனி வெயிலு.

– எதுத்த மாடியில தாஜுன்னிசா வளக்குற வெண்டைக்கு வேற சூரியனா?

– இப்ப என்ன, நான் மருந்து வச்சேன்னு சொல்றியா? வல்லாஹி, அல்லா மேல சத்தியமா, நான் ஏன் வைக்கணும்?

– லாரி நிறுத்த எடம் வேணும்னு ஜமாஅத்துல கேட்டது யாரு? நாளைக்கு ஜும்ஆ தொழுக முடிஞ்சு ஜமாஅத்துக்காரங்க வந்து பாக்கப்போறாங்க. தோட்டம் பச்சையா இருந்தா எங்களுக்கு, காஞ்சு கெடந்தா ஒங்க லாரிக்கு. நல்லாத்தான் கணக்குப் போட்டிருக்கீங்க.

– கேட்டேன், இல்லேங்கல. கேக்குறதும் கருக்குறதும் ஒண்ணாம்மா?

– சண்முகவள்ளி டீச்சர், நீங்க சொல்லுங்க. பிள்ளைகளுக்கு வாராவாரம் சுற்றுச்சூழல் வகுப்பு எடுக்குறீங்க. பரமக்குடியிலேருந்து இன்னைக்கு ஒங்கள அவசரமா வரச்சொன்னதே இதுக்குத்தான். என்னத்த ஊத்துனாரு?

– மருந்தெல்லாம் இல்லக்கா. இங்கன குனிஞ்சு பாருங்க, பாத்தி மேல வெள்ளையாப் பூத்திருக்குல்ல? தொட்டு நாக்குல வைங்க.

– த்தூ, உப்பு. சாயல்குடி உப்பளத்துலகூட இப்படி வார முடியாது.

– அண்ணே, ஒங்க மிசினு எப்படி வேல செய்யுதுன்னு நான் சொல்றேன், தப்புன்னா திருத்துங்க. போர்லேருந்து மூணு கேன் தண்ணி எடுத்துச் சவ்வு வழியா அமுக்குறீங்க. ஒரு கேன் நல்ல தண்ணியா அந்தப் பக்கம் போயிருது. அந்த மூணு கேன்ல இருந்த உப்பு எங்க போகும்?

– அது... மிச்சத் தண்ணியோட நிக்கும்.

– அப்ப மூணு கேன் உப்பு ரெண்டு கேன்ல நிக்கிது. நம்ம போர்த்தண்ணி ஏற்கெனவே கரிக்கும், இது இன்னும் கரிக்கும். அதுதான் இந்தப் பைப்புல வருது. வெயிலு தண்ணிய எடுத்துக்கிரும், உப்ப எடுக்காது. தெனமும் மண்ணுல சேந்துக்கிட்டே கெடக்கும்.

– மண்ணு ஈரமாத்தானே டீச்சர் இருக்கு? அந்த ஈரத்தயாவது செடி குடிக்கலாம்ல?

– மாங்காய நறுக்கி உப்பப் போட்டு வச்சா மறுநா என்னாகுதுக்கா?

– தண்ணி விட்டுச் சுருங்கிரும்.

– வேரும் அப்படித்தான். வெளிய உப்பு கூடிப்போச்சுன்னா, குடிக்கிறது எங்க, வேருக்குள்ள இருக்குற தண்ணியையே மண்ணு இழுக்கப் பாக்கும். செடி ஈரத்துல நின்னுக்கிட்டே தாகத்துல சாகுது.

– கேட்டீங்களா காக்கா? எங்க தோட்டத்த ஊறுகா போட்டுட்டீங்க.

– பைப்ப யாரும்மா கேட்டா? நானா கொண்டாந்து போட்டேன்? ஒம் மக ஜுமானாவும் அவ சேக்காளிகளும் அட்டையத் தூக்கிக்கிட்டு எம் பிளான்ட்டு வாசல்ல வந்து நின்னாங்களா இல்லையா? ‘கழிவுத் தண்ணிய வீணாக்காதே, செடிக்கு ஊத்து’ன்னு கோஷம் வேற. வந்தவன் போனவன் பூராம் வேடிக்க பாத்தான். அதான் எஞ் செலவுல பைப்பு இழுத்தேன். அன்னைக்கு நீதானே எனக்குச் சால்வ போத்துன? இன்னைக்கு நான் கொலகாரனா?

– அட்டையில அப்படி எழுதச் சொன்னது யாரு டீச்சர்?

– நாந்தான்க்கா. எங்க அமைப்புல அச்சடிச்சுக் குடுத்த பாடம். போர்த்தண்ணி நல்லா இருக்குற ஊருக்காக எழுதுனது. அங்க மிஞ்சுற தண்ணியச் செடி தாங்கும், இங்கன தாங்காது. இந்த ஊர் தண்ணிய அளந்து பாக்காமலே பாடத்த நடத்திட்டேன்.

– பிள்ளைக ஒங்க வாயத்தானே பாத்துக்கிட்டு உக்காந்திருந்துச்சு? பைப்பு எட்டாத பாத்திக்கு வாளி வாளியாத் தூக்கியாந்து ஊத்துச்சுக. நல்லது செய்யிறோம்னு. எம் மக கைய வந்து பாருங்க, காப்புக் காச்சிருக்கு.

– சனிக்கிழமை அவங்ககிட்டயே சொல்லப்போறேன். தட்டுல அந்தத் தண்ணிய ஊத்தி வெயில்ல காயவச்சு, மிஞ்சுறதக் காட்டி, நான் சொன்னது தப்புன்னு சொல்றேன்.

– நாளைக்கு வாரவங்களுக்கு என்னத்தக் காட்ட?

– மண்ண மீட்டுரலாம்க்கா. மேல பூத்தத இன்னைக்கே செதுக்கி அள்ளிருவோம். மதரஸா மாடி மழைத்தண்ணித் தொட்டியில பாதிக்கு மேல கெடக்கு, அத ஊத்தி அலசுனா மிச்ச உப்பு வேரத் தாண்டிக் கீழ எறங்கிரும். மணல் மண்ணுல்ல, நேரமாகாது. கீரை மொதல்ல வரும். ஜமாஅத்துல நானே நின்னு விளக்குறேன். ஆனா இந்தப் பைப்ப இப்பவே அறுக்கணும்.

– தாராளமா அறுங்க. எனக்கும் தொல்ல விட்டுச்சு. பழையபடி விட்டுக்கிறேன்.

– எங்க, ரோட்டுலயா? கொசு வளக்கவா?

– ரோட்டுலயா? பைப்பு போடுறதுக்கு முன்னாடி எங் கழிவு ஒரு சொட்டு தெருவுல ஓடிப் பாத்திருக்கியாம்மா? அந்தப் பேச்சே இருக்கக்கூடாதுன்னுதான், சுத்தபத்தமா, ஒருத்தர் கண்ணுலயும் படாம விட்டேன்.

– எதுக்குள்ள விட்டீங்கண்ணே?

– பின்னால மோட்டார் கழட்டுன பழைய போரு ஒண்ணு கெடக்கு டீச்சர். அதுக்குள்ளதான். எவ்வளவு விட்டாலும் குடிச்சுக்கிரும். பூமி தாங்காததா?

– அண்ணே, இந்தக் கடற்கரையில பூமிக்குள்ள நல்ல தண்ணி கொஞ்சந்தான். மழை பெஞ்சு எறங்குனது, கீழ நிக்கிற உப்புத்தண்ணி மேல, பால் மேல ஆட மாதிரி மெல்லிசா மிதக்குது. அந்த ஆடையிலதான் கிணறு வெட்டுறாக. நீங்க அதுக்குள்ள உப்பக் கரைச்சு ஊத்தியிருக்கீங்க.

– நில்லுங்க டீச்சர். காக்கா, அந்தப் பழைய போருக்கும் எங்க தெருக் கிணத்துக்கும் நடுவுல ஒரு சுவருதானே?

– இருக்கட்டுமே. அந்தக் கிணத்துத் தண்ணிய இப்ப யாரும்மா குடிக்கிறா?

– நீங்க பிளான்ட் போட்டப்ப தெருவே குடிச்சுச்சு. கல்யாணச் சோறு அதுலதான் வெந்துச்சு, ஒங்க கேனு பஸ் ஸ்டாண்டு ஓட்டலுக்கு மட்டுந்தான் போச்சு. கிணறு கரிச்ச பெறகுதான் காக்கா, நாங்க ஒங்ககிட்ட தண்ணி வாங்க வந்தோம்.