அம்மாவுக்குப் பழக்கிக் கொடுத்த மிஷின்

புதிதாக மெட்டல் டிடெக்டர் வாங்குகிறவர்கள் முதலில் தப்பு பண்ணுவது கைப்பிடியில்தான். நீளத்தைத் தன் உயரத்துக்கு ஏற்றபடி வைத்துக்கொள்ளத் தெரியாமல் நாளெல்லாம் கூனிக்கொண்டே நடந்துவிட்டு, சாயங்காலம் இடுப்பைப் பிடித்துக்கொண்டு கடைக்கு வந்து மிஷினைத் திட்டுவார்கள். நிமிர்ந்து நின்று கையைத் தளர்த்தி விட்டால், கீழே இருக்கிற வட்டத் தட்டு தரைக்கு ஒரு விரல் மேலே நிற்க வேண்டும். அவ்வளவுதான் சங்கதி. சொல்லிக்கொடுத்தால் "இதுதானா" என்பார்கள். சொல்லாவிட்டால் ஜென்மத்துக்கும் தெரியாது.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள், ஐயா. எனக்கு ஆரம்பம் என்றால் இதுதான். நான் இந்த மிஷின்களை விற்கிறவன். வாங்க வருகிறவர்களைப் பழக்குகிறவனும் நானே. பெட்டியைக் கையில் கொடுத்துக் காசை வாங்கிக் கல்லாவில் போடுகிற ஆள் இல்லை. கடைக்குப் பின்னால் நாலு பக்கமும் சுவர் எழுப்பிய ஒரு மண் தரை இருக்கிறது. காசு, பித்தளை வளையம், சோடா மூடி, ஆணி என்று ஒவ்வொன்றையும் ஒரு சாண் ஆழத்தில் புதைத்து வைத்திருக்கிறேன். வருகிறவர் அதன் மேல் தட்டை மெதுவாக வீசி, எந்தப் பொருளுக்கு எந்தச் சத்தம் என்று காதைப் பழக்கிக்கொள்ள வேண்டும். அவசரக்காரர்கள் புல் வெட்டுவதைப் போல வீசுவார்கள். அவர்களுக்கு ஒன்றும் அகப்படாது.

முன்பெல்லாம் ஆணியின் சத்தத்தையும் கேட்க வைத்துவிட்டுத்தான் அதை அடைப்பேன். அடைப்பது என்றால், இரும்புக்கும் தகரத்துக்கும் மிஷின் வாய் திறக்காதபடி ஒரு பொத்தானை அமுக்கி வைப்பது. இல்லாவிட்டால் அடிக்கு ஓர் ஆணி கத்தி, புதிதாக வந்தவருக்கு வெறுத்துப்போகும். போன வருடத்திலிருந்து எல்லோருடைய மிஷினையும் முன்கூட்டியே அடைத்துத்தான் கொடுத்தேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு விவரம் தெரிந்தவர்கள் என்னிடம் எதற்குப் பழக வருகிறார்கள்.

அண்ணன் காணாமல் போனது போன வருடம்தான். வேறு ஊரில் வேலை. ஆடிக்கொரு தரம் வருவான். வந்தால் வீடே தலைகீழாகிவிடும். அவனுக்குப் பிடித்ததைத்தான் சமைப்பாள் அம்மா, அவனுக்கு என்று எடுத்து வைத்த போர்வை அலமாரியிலிருந்து வெளியே வரும். நான் தினமும் அதே வீட்டில்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். குறையாகச் சொல்லவில்லை. அப்பா போன பிறகு அம்மாவின் மாத்திரை, கண் ஆஸ்பத்திரி, குழாய் ரிப்பேர் எல்லாம் என் தலையில்தான். அதை நான் பாரமாக நினைத்ததே கிடையாது.

அந்தத் தடவை வந்துவிட்டு ஊருக்குத் திரும்பக் கிளம்பியவன், நேரே ரயிலுக்குப் போகாமல் ஏரிப் பக்கம் நடந்து போனதாக நான் சொன்னேன். உங்கள் ஆட்கள் வந்து பார்த்தார்கள். வற்றிக் கிடந்த ஏரியைச் சுற்றிச் சுற்றி வந்துவிட்டுப் போய்விட்டார்கள். அம்மாவால் அப்படிப் போக முடியவில்லை. சாப்பாட்டில் கை வைக்க மாட்டாள். தெருக் கதவுச் சத்தம் கேட்டால் எழுந்து நிற்பாள். ஒரு நாள் காலையில் கடைக்கே வந்துவிட்டாள்.

"அவன் தொடைக்குள்ள கம்பி வச்சிருக்காங்கல்ல, அந்த வண்டி விபத்துல. உன் மிஷின் அதைக் காட்டுமாடா?" என்று கேட்டாள்.

உயிரோடு வருவான் என்று அவள் நம்பவில்லை, ஐயா. உடம்பாவது வேண்டும், கையால் ஒரு பிடி மண் போட வேண்டும், அவ்வளவுதான் அவள் கேட்டது. காட்டும்மா என்றேன். பெற்றவளிடம் வேறு என்ன சொல்வது. இருப்பதில் எடை குறைந்த மிஷினாகப் பார்த்து எடுத்து, அவள் உயரத்துக்குக் கைப்பிடியை வைத்தேன். ஹெட்ஃபோன் காதை அழுத்தாமல் பஞ்சு வைத்துக் கொடுத்தேன். அந்தக் கம்பி ஆஸ்பத்திரி எஃகு. அதன் சத்தம் இரும்புக்கும் தகரத்துக்கும் பக்கத்தில்தான் விழும். அதையும் சேர்த்து அடைத்துவிட்டேன்.

என்னிடம் பழகியவர்களில் அம்மாவைப் போல ஒருவரைப் பார்த்ததில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். புது இடத்துக்குப் போனால் முதலில் தட்டை ஏற்றி இறக்கி மிஷினை மண்ணுக்குப் பழக்குவாள். ஆசைப்பட்டுச் சத்தத்தை முழுசாக ஏற்ற மாட்டாள். பொருளைத் தோண்டி எடுத்த பிறகு குழியின் மேல் இன்னொரு தரம் தட்டை வீசிப் பார்ப்பாள். இந்தக் கடைசி விஷயம் எத்தனை சொன்னாலும் யாருக்கும் மண்டையில் ஏறாது. ஒன்று கிடைத்ததும் துள்ளிக் குதித்துவிட்டுப் போய்விடுவார்கள். குழி காலியாகிவிட்டதா என்று பார்க்க மாட்டார்கள்.

லீவு நாளெல்லாம் ஏரிக்குப் போனோம். அவள் தேடினாள், நான் தோண்டினேன். ஃபிளாஸ்க்கில் காப்பி கொண்டுபோவோம். கொஞ்ச நாள் கழித்து ஒன்றும் கிடைக்காமல் அவள் சோர்ந்துபோனாள், படுக்கையை விட்டு எழுந்திருக்கவே மனசில்லை. அதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. அண்ணனின் வீட்டுச் சாவியை முந்தின நாளே ஏரிக்கரையில் ஒரு மரத்தடியில் புதைத்துவிட்டு வந்தேன். பித்தளைச் சாவி, கணீரென்று கேட்கும். அதை எடுத்துத் துடைத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அன்றைக்குத்தான் வாய் விட்டு அழுதாள். வீட்டுக்கு வந்து இரண்டாம் தரமும் சோறு போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு பெல்ட்டின் கொக்கி, கைக்கடிகாரம் என்று ஒவ்வொன்றாக வைத்தேன். ஒரேயடியாக வைக்கவில்லை, அவளுக்கு நம்பிக்கை தளர்கிறபோது மட்டும். அந்த ஒரு வருடத்தில் நாங்கள் இரண்டு பேரும் பேசியதுபோல் அதற்கு முன்னால் பேசியதே கிடையாது. என் சின்ன வயதைப் பற்றி எல்லாம் சொன்னாள். எனக்கும் சின்ன வயது இருந்தது அவளுக்கு நினைவிருந்தது.

போன வாரம் கடையில் ஒரு வாடிக்கையாளர் பேரம் பேசிப் பேசி என் உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். அம்மா பின்பக்கம் போய்த் தனியாகப் பழகிக்கொண்டிருந்தாள். அந்த ஆளை அனுப்பிவிட்டுப் போனேன். நான் புதைத்து வைத்ததை எல்லாம் அவள் தோண்டி எடுத்துச் சுவரோரம் வரிசையாக வைத்திருந்தாள். காசு, வளையம், மூடி, ஆணி, ஒன்று பாக்கியில்லை. மண்வெட்டி பிடித்து உள்ளங்கை கன்றியிருந்தது.

உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். அதில் ஒரு சின்ன எஃகு ஆணி, திருகு வைத்தது. அண்ணனின் தொடையில் கம்பியோடு போட்டதில் ஒன்று உறுத்துகிறது என்று டாக்டர் பிறகு கழற்றியிருக்கிறார். அதை அம்மா மருந்து டப்பாவில் போட்டு வைத்திருந்தது எனக்குத் தெரியாது. எதையும் தூக்கிப் போட மனசு வராதவள். தெரிந்த பொருளைத் தரையில் வைத்துச் சத்தம் கேட்டுப் பழகு என்று எல்லோரிடமும் சொல்கிறவன் நான்தானே, அவளும் அதைத்தான் செய்திருக்கிறாள். மிஷின் கம்மென்று இருந்திருக்கிறது. நான் அமுக்குவதைப் பார்த்து வைத்திருந்த பொத்தானை அமுக்கி அடைப்பை எடுத்துவிட்டிருக்கிறாள். ஆணி கத்தியிருக்கிறது. அதை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, நான் புதைத்ததை எல்லாம் தோண்டி எடுத்த பிறகு, காலியான குழிகளின் மேல் மறுபடி வீசிப் பார்த்திருக்கிறாள்.

"எல்லாத்தையும் எடுத்துட்டேன்டா," என்றாள். "இன்னும் கத்துது."

நான் மண்வெட்டியை வாங்கிக்கொண்டேன். அவளுக்கு முதுகுவலி. மீதியை நானே தோண்டினேன்.

போன வருடம் அவனுக்கு இடுப்பளவு தோண்டத்தான் நினைத்திருந்தேன். முழங்கால் ஆழத்திலேயே பாறை தட்டிவிட்டது. வெள்ளையடிக்க வாங்கிய சுண்ணாம்பு மூட்டை இருந்தது, அதைக் கொட்டி மூடினேன். கொஞ்ச நாள் வாடிக்கையாளர்களை வெளி மைதானத்துக்குக் கூட்டிப்போய்ப் பழக்கினேன். பிறகு மேலே புது மண் போட்டுப் பழையபடி காசையும் வளையத்தையும் புதைத்தேன். மிஷின் கத்தத்தான் வேண்டும் என்கிற இடத்தில் கத்தினால் யார் கவனிக்கப் போகிறார்கள்.

அவன் ஊருக்குக் கிளம்பிய அன்று மதியம் கடையைச் சாத்திவிட்டு, காசு புதைக்க அங்கே புதுக் குழி வெட்டிக்கொண்டிருந்தேன். அண்ணன் பெட்டியோடு வந்தான். அடுத்த மாதம் வந்து அம்மாவைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னான். அம்மாவுக்கும் சம்மதம், இப்போதே துணிமணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள் என்றான். என்னிடம் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "உனக்கும் ஒரு விடுதலைடா" என்று என் தோளைத் தட்டிவிட்டுத் திரும்பினான். மண்வெட்டி கையில்தான் இருந்தது. பின்னாலிருந்து அடித்தேன். விழுந்த பிறகும் அடித்தேன். ஆத்திரத்தில் செய்ததாக எழுதிக்கொள்ள வேண்டாம், ஐயா. நான் ஆத்திரப்படுகிற ஆள் இல்லை, யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். எப்படியாவது என் அம்மாவை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

போன வாரம் அந்தக் குழிக்குள் பார்த்துவிட்டு அம்மா கூச்சல் போடவில்லை. அவனுக்கு வலித்ததா என்று மட்டும் கேட்டாள். இல்லை என்றேன். மிஷினை அணைத்து, தட்டில் இருந்த மண்ணைத் துடைத்து, நான் பழக்கியபடியே சுவரில் சாத்தினாள். பிறகு கடைக்குள் போய் உங்களுக்குப் போன் செய்தாள். நான் தடுக்கவில்லை.

என்னைப் பார்க்க மாட்டேன் என்று அவள் சொல்லிவிட்டதாக வெளியே நிற்கிற காவலர் சொன்னார். வருத்தத்தில் அப்படித்தான் சொல்வாள். இரண்டு நாள் போனால் சரியாகிவிடும். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்று, மறக்காமல் கொடுக்கச் சொல்லுங்கள், ஐயா. அண்ணனும் போன பிறகு, என்னை விட்டால் அவளுக்கு வேறு யார் இருக்கிறார்கள்.