வெள்ளை வளையம்

வாசனை எண்ணெய்ப் புட்டியைத் திறந்தவுடன் மூக்கில் வைத்து முகரக் கூடாது, ஐயா. ஒரு காகிதக் கீற்றின் நுனியை அதில் தொட்டு, இரண்டு விசிறு விசிறி, ஒரு சாண் தள்ளிப் பிடித்துத்தான் முகர வேண்டும். என் மேசையிலிருந்து எடுத்த பழுப்புப் புட்டியை உங்கள் காவலர் நேராக மூக்குக்குக் கொண்டுபோனார். கண்ணில் நீர் கொட்டி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முன்பே சொல்லியிருக்கலாம். அவர் கேட்கவில்லை, நான் சொல்லவில்லை.

நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். என் அக்கா இறந்துபோனாள். அவளுடைய இரண்டு கால்களுக்கும் பதினான்கு நாட்கள் மருந்து போட்டுக் கட்டியவன் நான்.

வாசனைச் செடிகளிலிருந்து எண்ணெய் இறக்கும் தொழிற்சாலையில், சோதனை அறையில் எனக்கு வேலை. கண்ணாடித் தட்டில் கூழ் ஊற்றி உறையவைத்து, அதன்மேல் கிருமியைத் தடவுவோம். பொத்தான் அளவு காகித வில்லையை எண்ணெயில் தோய்த்து நடுவில் வைப்போம். மறுநாள் தட்டு முழுக்கக் கிருமி ஆடை போலப் படர்ந்திருக்கும்; வில்லையைச் சுற்றி மட்டும் ஒரு வளையம் துடைத்துவிட்டது போல வெளுத்திருக்கும். அந்த வளையத்துக்குள் எண்ணெய் கிருமியைக் கொன்றுவிட்டது என்று அர்த்தம். வளையம் பெரிதானால் எண்ணெய் நல்ல எண்ணெய். அளவுகோல் வைத்து அதை அளப்பதுதான் பதினாறு வருடங்களாக என் வேலை. அங்கே எனக்குப் பெயரே 'வட்டம்' தான். "வட்டம் சாப்பிட்டாச்சா, வட்டம் லீவா" என்பார்கள். நான் கோபித்துக்கொண்டதில்லை.

ஒவ்வொரு தட்டிலும் எதிலும் தோய்க்காத வெறும் வில்லை ஒன்றும் வைப்போம். அதைச் சுற்றிக் கிருமி நெருங்கி வளர்ந்தால்தான், மற்ற வில்லையில் வேலை செய்தது எண்ணெய்தான் என்று நிரூபணமாகும். வெறும் வில்லை இல்லாத சோதனை சோதனையே இல்லை. தயவுசெய்து இந்த வாக்கியத்தை இரண்டு முறை படியுங்கள்.

கற்பூரவல்லியும் கிராம்பும் சேர்ந்த ஒரு கலவையை நானாகவே கண்டுபிடித்தேன். இருபத்தாறு மில்லிமீட்டர் வளையம் வந்தது. தட்டை எடுத்துக்கொண்டு தலைமை ஆய்வாளர் அம்மாவிடம் ஓடினேன். அவர் கண்ணாடியைக்கூடப் போடவில்லை.

"தட்டுல எதுதான் சாகாது? பினாயில் ஊத்துனாலும்தான் சாகும். மனுஷன் ஒடம்புல என்ன பண்ணும்னு சொல்லு, அப்புறம் கேக்கறேன்."

"அதையும் சோதிச்சுப் பாக்கலாம்மா."

"அதுக்கெல்லாம் படிச்சவங்க இருக்காங்க வட்டம். நீ போய் தட்டைக் கழுவு."

கழுவினேன்.

அடுத்த மாதம் அக்கா கால் வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று சுடுநீர் வாளியில் இரண்டு கால்களையும் வைத்திருக்கிறாள். சர்க்கரை நோய் அவளுக்குப் பத்து வருடப் பழக்கம். பாதத்தில் உணர்ச்சி போய்விட்டிருந்தது. தண்ணீர் கொதிக்கிறது என்று கால் சொல்லவில்லை. வாளியிலிருந்து எடுத்தபோது இரண்டு பாதங்களின் மேல்புறத்திலும் கொப்புளம். அளந்து பார்த்தேன். இடது நாற்பத்தொன்று மில்லிமீட்டர், வலது நாற்பது. ஒரே உடம்பு, ஒரே சூடு, ஒரே அளவு. படித்தவர்கள் லட்சம் செலவழித்தாலும் இப்படி ஒரு ஜோடி அமையாது.

மருத்துவர் மாத்திரையும் களிம்பும் எழுதிக் கொடுத்தார். அத்தான் லாரி ஓட்டுகிறவர், வெளியூர் போயிருந்தார். ஆகவே பொறுப்பு என்னுடையதாயிற்று. களிம்பை ஓரமாக வைத்தேன். மாத்திரை விஷயம் கொஞ்சம் சிக்கலானது. அது ரத்தத்தில் கலந்து இரண்டு கால்களையும் சேர்த்தே ஆற்றிவிடும். பிறகு புண் ஆறியது மாத்திரையாலா என் எண்ணெயாலா என்று யார் சொல்வது? ஆகவே மாத்திரைகளைக் குப்பையில் போட்டுவிட்டு, அந்த டப்பாவில் அதே நிறத்தில் சத்து மாத்திரை நிரப்பினேன். அக்கா காலையிலும் மாலையிலும் தவறாமல் விழுங்கினாள். மருந்து விஷயத்தில் அவள் ரொம்ப ஒழுங்கு.

இடது காலுக்கு என் கலவை. வலது காலுக்கு வாசனை இல்லாத வெறும் எண்ணெய்.

இரண்டாம் நாளே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

"ஏன்டா, இந்தக் கால் மட்டும் கமகமங்குது. இது பெத்த புள்ள, அது தவுட்டுக்கு வாங்கினதா?"

"ரெண்டுக்கும் மருந்துதான்கா. வேற வேற மருந்து."

"பாத்துடா, வலது கால் கோச்சுக்கிட்டு உன்னை எட்டி உதைக்கப் போகுது."

இருவரும் சிரித்தோம். மறுநாளிலிருந்து வலது கட்டின் வெளிப்புறத் துணியில் மட்டும் ஒரு சொட்டு கலவை வைத்தேன். புண்ணில் படாது, வாசனை மட்டும் வரும். அவள் மனசு சமாதானமாயிற்று. நோயாளியின் மனசும் முக்கியம்.

நான்கு நாட்கள் கலவையைத் தேங்காயெண்ணெயில் நீர்க்கவைத்துப் போட்டேன். பலன் இல்லை. ஐந்தாம் நாள் நீர்க்காமல் அப்படியே போட்டேன். வேறு ஒருத்தியாக இருந்தால் எரிகிறது என்று கத்தியிருப்பாள். அக்காவுக்கு எரியவில்லை. தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஆறாம் நாள் கட்டைப் பிரித்தபோது, இடது புண்ணைச் சுற்றி வெள்ளையாக ஒரு வளையம்.

விளக்கை அருகே இழுத்தேன், ஐயா. பதினாறு வருடம் கண்ணாடியில் பார்த்தது தோலில் வந்திருந்தது. அளந்தேன். மூன்று மில்லிமீட்டர். ஏழாம் நாள் ஐந்து, எட்டாம் நாள் எட்டு. எல்லாம் குறிப்பேட்டில் தேதியோடு இருக்கிறது. வலது புண் எதிர்பார்த்தபடியே சீழ் கட்டிக்கொண்டிருந்தது. வெறும் வில்லை அப்படித்தான் இருக்க வேண்டும்.

பதினோராம் நாள் அத்தான் வந்தார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்ள, எலி கிலி செத்துக் கெடக்கா?"

"மருந்து கெட்டதை வெளிய இழுக்குது அத்தான். அந்த வாடை."

"டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிரலாமா?"

"நான் பாக்குறதவிட அவங்க என்ன பாத்துரப் போறாங்க?"

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா, "அவன் ராப்பகலா இதுலயே கெடக்கறவன். அவனுக்குத் தெரியாததா? நீங்க சும்மா இருங்க" என்றாள். அவர் சும்மா இருந்தார். மறுநாள் அடுத்த லோடுக்குக் கிளம்பிப் போனார்.

பன்னிரண்டாம் நாள் அவளுக்குக் காய்ச்சல். பதின்மூன்றாம் நாள் பேச்சு கொஞ்சம் குழறியது. "போலாமாடா ஆஸ்பத்திரிக்கு" என்று கேட்டாள். "நாளைக்குக் கடைசி அளவு எடுத்ததும் போலாம்கா" என்றேன். "சரி, உன் வேலைய முடிச்சுக்கோ" என்றாள். இந்தச் சொற்களை நான் மாற்றவில்லை. அப்படியே சொன்னாள்.

பதினான்காம் நாள் அளவெடுத்துவிட்டு ஆட்டோவில் அழைத்துப்போனேன். ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாள் அவள் போய்விட்டாள். இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே எடுக்கத் தேதி குறித்திருந்தார்கள். அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று.

அறுவை மருத்துவர் என்னை உட்காரவைத்து விளக்கினார். வலது காலை அழித்தது கிருமி. இடது காலை அழித்தது என் எண்ணெய். அந்த வெள்ளை வளையம் கிருமி செத்த இடம் அல்ல, சதை செத்த இடம் என்றார். நாள்தோறும் நான் அளந்தது அதைத்தான் என்றார். இளம் வயதுக்காரர், பொறுமையாகவே பேசினார். நான் ஏதும் அறியாதவன், பாசத்தால் கெடுத்துவிட்டவன் என்று நினைத்துக்கொண்டு என் தோளைத் தட்டிக்கொடுத்தார். உங்கள் மேலதிகாரியும் கிட்டத்தட்ட அதே மாதிரிதான் பேசினார். அறியாமை என்று எழுதினால் தண்டனை குறையும் என்றார். அதற்காகவே இந்தப் பகுதியைச் சற்று நிறுத்தி எழுதுகிறேன்.

ஒன்பதாம் நாள் காலை, இடது வளையத்தை இடுக்கியால் தொட்டுப் பார்த்தேன். தோல் போல இல்லை, செருப்பு வார் போல இருந்தது. நுனியைப் பிடித்து இழுத்தேன். கூடவே வந்தது. ரத்தம் வரவில்லை. அடியில் இருந்தது சாம்பல் நிறம். உயிருள்ள சதைக்கு அந்த நிறம் கிடையாது என்று தெரிந்துகொள்ள டாக்டர் படிப்பு வேண்டாம், ஐயா. எனக்குத் தெரிந்தது. அந்த நேரத்தில் புண்ணைக் கழுவி, நிஜ மாத்திரையை வாங்கிக் கொடுத்து, ஆட்டோவைக் கூப்பிட்டிருந்தால் கால் போனாலும் ஆளாவது மிஞ்சியிருப்பாள். அதுவும் எனக்குத் தெரிந்தது. அக்கா தலையணையில் சாய்ந்தபடி, "எப்படிடா இருக்கு?" என்று கேட்டாள்.

"நல்லா வந்துக்கிட்டிருக்குகா" என்றேன்.

உரிந்த தோலை மடித்துப் பழையபடி படியவைத்தேன். அளவுகோலை வைத்தேன். பதினொன்று என்று எழுதினேன். மேலே கலவை ஊற்றிக் கட்டினேன். பாதியில் நிறுத்திய சோதனையை எந்த ஆய்வாளர் அம்மாவும் கண்ணாடி போட்டுக்கொண்டு படிக்க மாட்டார். இன்னும் ஐந்து நாட்கள்தான் பாக்கி இருந்தன.

ஆகவே அறியாமை என்ற சொல்லை அடித்துவிடுங்கள். தெரிந்தே செய்தேன். என் அக்காவை நான்தான் கொன்றேன்.

அத்தான் என் முகத்தில் விழிக்க மாட்டேன் என்கிறாராம். அவர் வெளி மனிதர், அவருக்குப் புரியாது. அக்கா மட்டும் உயிரோடு இருந்திருந்தால், இந்நேரம் இந்த நிலையத்துக்கு வந்து என் பக்கம் நின்று பேசியிருப்பாள்.