கண்ணாடிக்கு இந்தப் பக்கம்

2018 ஆகஸ்ட் 9, வியாழக்கிழமை காலை, ஈப்போ நகரின் ஒரு தனியார் வானொலியில் நேரலை நிகழ்ச்சி பாதியில் துண்டிக்கப்பட்டு ஒரு பழைய பாட்டு ஒலித்தது.

அன்று நல்ல மழை. நான் குடையை மறந்துவிட்டு நனைந்தபடி வந்து சேர்ந்தேன். உன் அம்மா தன் பையிலிருந்து ஒரு துண்டை எடுத்து என் மேல் எறிந்தார்.

"தலையைத் துவட்டுடா கியோங். நீ தும்மினா அதையும் சேத்து ஊரே கேக்கும்."

பிறகு வாழையிலையில் கட்டிய நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தை என் மேசையில் வைத்தார். சம்பல் அதிகம், முட்டை பாதி. எனக்கு எது பிடிக்கும் என்று அவருக்குத் தெரியும்.

நஜ்வா, நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. ஒலி நின்றபிறகு அம்மா என்ன சொன்னார் என்று கேட்டாய். ஒரு பத்தியில் பதில் எழுதிவிடலாம். ஆனால் இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சேர்த்து எழுதினால்தான் அந்தப் பதிலை நீ நம்புவாய்.

என் வேலையிலிருந்து தொடங்குகிறேன். நேரலை என்று நாங்கள் சொல்வது முழு உண்மை அல்ல. பேசுகிறவர் சொல்வது எட்டு நொடி கழித்துத்தான் ஊருக்குப் போகும். யாராவது தகாததைச் சொன்னால் நான் சிவப்புப் பொத்தானை அழுத்துவேன். வழியில் காத்திருக்கும் எட்டு நொடிப் பேச்சும் அழிந்துவிடும். பதினோரு ஆண்டுகள், நிகழ்ச்சி நடத்தும் அவர் ஒலிபரப்பு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கமும் நான் இந்தப் பக்கமுமாக உட்கார்ந்திருந்தோம்.

உன் அம்மா காக் மஸ்னா என்றால் ஊருக்கே அக்கா. மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லோரையும் கேலி செய்வார், முதலில் தன் மலாய்க்காரர்களை. டாக்சி ஓட்டும் பரஞ்சோதி தினமும் தொலைபேசியில் வருவார்.

"என்னக்கா, உங்காளு கல்யாணத்துக்குப் பத்து மணின்னு பத்திரிகை. பன்னெண்டுக்குப் போனா மாப்பிள்ளையே இன்னும் குளிக்கலை."

"நீங்க எதுக்கு மாப்பிள்ளையைப் பாக்கப் போறீங்க? பிரியாணி பத்துக்கே ரெடியா இருந்துச்சுல்ல? மூணு தட்டு சாப்பிட்டதா தகவல் வந்துச்சு."

இப்படித்தான் போகும். யாரும் கோபித்துக்கொண்டதில்லை என்று சொல்ல மாட்டேன். கடைசி இரண்டு ஆண்டுகளில் புகார்கள் கூடின. நிர்வாகம் எங்களை உட்காரவைத்து வகுப்பு எடுத்தது. பேசக்கூடாத சொற்களைச் சுவரில் ஒட்டினார்கள். உன் அம்மா அதை நின்று நிதானமாகப் படித்தார்.

"கடைசியில 'வணக்கம்', 'மழை பெய்யுது' இது ரெண்டுதான் மிஞ்சும் போல. மழையும் யார் மனசையாவது புண்படுத்திரும்" என்றார். என்னிடம் திரும்பி, "எனக்கென்ன பயம்? நாக்கை நான் பாத்துக்கறேன், பொத்தானை நீ பாத்துக்க" என்றார்.

சுவரில் ஒட்டியது சரி என்று எனக்குப் பட்டது. இன்றும் அப்படித்தான் படுகிறது. பல இனத்தவர் வாழும் ஊரில் ஒவ்வொருவருக்கும் மற்றவர் தொடக்கூடாத இடம் ஒன்று உண்டு. அதைக் காப்பதற்கு ஒருவர் விழித்திருக்க வேண்டும். அந்த ஒருவர் நான்.

என் மகள் ஹுய் மின்னை உனக்கு நினைவிருக்கும். உன் வயதுதான். ஒரே சைக்கிளில் இரண்டு பேரும் சுற்றுவீர்கள். டெங்குக் காய்ச்சலில் நான்கே நாளில் போய்விட்டாள். பெற்றவர்கள் தங்கள் பிள்ளையை வழியனுப்பக் கூடாது என்பது எங்கள் வழக்கம். நரைத்த தலை கறுத்த தலையின் பின்னால் நடக்கக் கூடாது. என் மனைவியும் நானும் வீட்டிலேயே இருந்தோம். என் தம்பியோடு கல்லறை மலைக்குப் போனவர் உன் அம்மா. உங்கள் பக்கத்தில் சிலர் முகம் சுளித்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். ஒவ்வொரு ஆண்டும் ச்சிங் மிங் நாளில் எல்லோரும் கல்லறை சுத்தம் செய்யப் போகும்போது எங்களால் போக முடியாது. அவர்தான் போவார். புல் பிடுங்குவார். வந்து, "பக்கத்துல ஒரு தாத்தா படுத்திருக்கார், நல்ல மனுஷன், சத்தம் போடறதில்லை" என்பார்.

மறு ஆண்டு, அந்த உலகில் அவள் குடியிருப்பதற்காகக் காகித வீடு ஒன்று எரித்தோம். அதை வாங்கி வந்ததும் அவர்தான். அந்தக் கதையை ஒரு நாள் நிகழ்ச்சியில் சொன்னார்.

"கடைக்காரர்கிட்ட குளியலறை எங்கன்னு கேட்டேன். முழிக்கிறார். ஏங்க, சின்னப் பொண்ணு, எங்க போய்க் குளிப்பா? கழுத்துல உக்காந்து ஒண்ணு ஒட்ட வெச்சுத்தான் விட்டேன். வாளிகூட வெச்சார். பாவம், காசு வாங்கலை."

நேயர்கள் சிரித்தார்கள், அழுதார்கள். தைப்பிங்கிலிருந்து ஒரு பெண் காகிதத்தில் குட்டிச் செருப்பு செய்து அனுப்பினார். நானும் சிரித்தேன். உன் அம்மா என் முகத்தைப் பார்த்துத்தான் பேசுவார். அவரை நிறுத்தப் பொத்தான்கூட வேண்டியதில்லை, ஒரு முறை முகம் சுருங்கினால் போதும். நான் சுருக்கவில்லை. அதில் எனக்கு வருத்தம் எதுவும் இருந்ததில்லை என்பதை இங்கே தெளிவாகச் சொல்லிவிடுகிறேன்.

அதன்பிறகு சந்தையில் கீரைக்காரர், "நீங்கதானே அந்தக் காகித வீட்டுப் பொண்ணோட அப்பா?" என்று கேட்டு இரண்டு கட்டு சும்மா கொடுத்தார். நான் வேறு சந்தைக்குப் போக ஆரம்பித்தேன். அங்கே வண்டி நிறுத்த இடம் இருந்தது.

இனி அந்த வியாழக்கிழமை. நேயர்கள் அனுப்பும் குறுஞ்செய்திகளை வாசிப்பதில் உன் அம்மாவுக்கு ஒரு பழக்கம் இருந்தது. மோசமான செய்தி வந்தால் முதலில் அனுப்பியவரைப் போலவே குரலை மாற்றி வாசிப்பார். பிறகு சற்று நேரம் பேசாமல் இருப்பார். "நாத்தம் கொஞ்சம் பரவட்டும்" என்பார். அதன்பிறகுதான் அது யாருடைய சொல் என்று சொல்லிவிட்டு, அந்த ஆளை வறுத்தெடுப்பார். பழகிய நேயர்களுக்கு இது தெரியும்.

அன்று அவர் வாசித்தது இது: "கடல் தாண்டி வந்தவங்க கப்பலேறிப் போங்க. இது எங்க மண்ணு. உங்க பொணத்துக்குக்கூட இங்க இடம் கிடையாது."

பிறகு வழக்கம்போல் மௌனம். பிறகு பேசத் தொடங்கினார். நான் பொத்தானை அழுத்தினேன். வாசித்தது முழுதும் ஊருக்குப் போய்விட்டிருந்தது. அது தன் சொல் இல்லை என்று அவர் சொன்னது அழிந்துவிட்டது.

பதற்றத்தில் கை தாமதித்துவிட்டது என்று விசாரணையில் சொன்னேன். எல்லோரும் நம்பினார்கள். சீனர் சங்கம் ஒன்று எனக்குப் பொன்னாடை போர்த்தியது. அதிர்ச்சியில் உறைந்தும் கடமை தவறாதவர் என்று ஒரு பத்திரிகை எழுதியது.

அவர் வாசித்த அந்த ஒலித்துணுக்கு மதியத்துக்குள் எல்லோர் கைபேசியிலும் இருந்தது. மறுநாள் உன் அம்மாவை வேலையிலிருந்து நீக்கினார்கள். இனங்களுக்கு இடையே பகை மூட்டியதாக வழக்குப் போட்டார்கள். உங்கள் வீட்டு வாசலில் சிவப்புச் சாயத்தை ஊற்றியது யாரென்று எனக்குத் தெரியாது. ஆனால் அவரை உடைத்தது அது இல்லை. முகம் தெரியாத ஆட்கள் வீடு தேடி வந்து, "சரியாச் சொன்னீங்க அக்கா, யாருக்கும் இல்லாத தைரியம்" என்று கை குலுக்கினார்களே, அதுதான். பரஞ்சோதி அவரோடு பேசுவதையே நிறுத்தியது அதற்கடுத்தது.

அது ஒரு நேயர் அனுப்பிய செய்தி என்று உன் அம்மா விசாரணையில் திரும்பத் திரும்பச் சொன்னார். நிலையத்தின் கைபேசியில் அப்படி எதுவும் இல்லை. பொய் சொல்கிறார் என்று முடிவு செய்தார்கள். அந்தக் கைபேசி என் மேசையில்தான் இருக்கும். அன்று மதியம் சாப்பிட்டுவிட்டு வந்து அந்தச் செய்தியை அழித்தேன். அனுப்பிய மனிதரை யாராவது தேடிப்போய் அடித்துவிடக் கூடாதே என்று நினைத்ததாக ஞாபகம்.

வழக்குக்கு முன் ஒரு நாள் அவர் என் வீட்டுக்கு வந்தார். கையில் அதே வாழையிலைப் பொட்டலம். இளைத்திருந்தார்.

"உன்னை ஒண்ணும் கேக்கலை கியோங். கை நடுங்கிருச்சு, யாருக்கும் ஆகும். நீ மனசைப் போட்டுக் குழப்பிக்காதே. ஒரே ஒரு விஷயம்தான். அப்புறம் நான் பேசினதை நீ கேட்டேல்ல? உலகத்துல நீ ஒருத்தன்தான் கேட்டே. அதைக் கோர்ட்டுல வந்து சொல்லு. போதும்."

"எதுவும் காதில் விழலைக்கா" என்றேன்.

பொட்டலத்தை என் கையில் வைத்தார். "சரிடா. சாப்பிடு, ஆறிடும்" என்று சொல்லிவிட்டுப் போனார். வழக்கு விசாரணைக்கு வருவதற்கு முந்தைய வாரம் மூளையில் ரத்தக்குழாய் வெடித்து இறந்தார். வழக்கைக் கைவிட்டார்கள்.

எனக்குக் காதில் விழுந்தது. ஒவ்வொரு சொல்லும் விழுந்தது. பொத்தானை அழுத்திப் பாட்டைப் போட்டபிறகும் அவர் அறையில் நேரலையைக் காட்டும் சிவப்பு விளக்கை நான் அணைக்கவில்லை. ஊர் என்ன கேட்கிறது என்பது அவருக்குக் கேட்காது. அதனால் ஊரோடுதான் பேசுகிறோம் என்று நினைத்துப் பேசினார். அவர் சொன்னது இது.

"இது என் பேச்சு இல்லீங்க, காலையில ஒரு அண்ணன் அனுப்பினது. அண்ணே, இடம் கிடையாதுன்னீங்களே, ஹுய் மின்னுன்னு ஒரு பொண்ணு அந்த மண்ணுலதான் படுத்திருக்கா. பதினோரு வயசு. பெத்தவங்க கூடப் போகக்கூடாதுன்னு அவங்க வழக்கம். அவ அப்பன் வாசக்கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். விரலைப் பிரிச்சு எடுத்துட்டுத்தான் நாங்க கெளம்பினோம். மண்ணு நான் போட்டேன், இந்தக் கையால. அவளைக் கப்பலேத்தணும்னா மொதல்ல எங்கிட்ட கேளுங்க. அவ அப்பன் இந்தக் கண்ணாடிக்குப் பின்னாலதான் உக்காந்திருக்கான். அவனைவிட இந்த மண்ணுக்குச் சொந்தக்காரன் யாருன்னு சொல்லுங்க, நான் இறங்கிப் போறேன்."

சொல்லிவிட்டு, சரிதானே என்பதுபோல் என்னைப் பார்த்தார். நான் தலையாட்டினேன்.

என் கை தாமதிக்கவில்லை, நஜ்வா. அந்தக் குறுஞ்செய்தியை அவர் வாசித்தபோது நான் பொத்தானை அழுத்தவில்லை. அது என்னைத் தொடவே இல்லை. அதுபோல் எத்தனையோ கேட்டாயிற்று. ஹுய் மின் என்ற பெயர் காதில் விழுந்தபோது அழுத்தினேன். கதவைப் பிடித்துக்கொண்டு நின்றதை ஊர் கேட்க வேண்டிய அவசியம் இல்லை என்பது என் கருத்து. அது ஒரு தொழில்நுட்ப முடிவு. உன் அம்மா மீது எனக்கு எந்தக் கோபமும் இருந்ததில்லை.

இதை நீ யாரிடம் வேண்டுமானாலும் கொடுக்கலாம். கீழே கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

காலை ஏழு மணிக்கு நிலையத்தில் இப்போது பாட்டு மட்டும் போகிறது. புகார் எதுவும் வருவதில்லை. இந்த ஆண்டு ச்சிங் மிங் அன்று ஹுய் மின்னின் கல்லறைக்கு யாரும் போகவில்லை.

ஃபூங் வாய் கியோங்
ஈப்போ