மேலகரத்துப் பல்லடைப்பு

குற்றாலத்தில் சாரல் விழ ஆரம்பித்தால் தென்காசியிலும் எங்கள் மேலகரத்திலும் பல்வலி ஆரம்பித்துவிடும். ஐந்தருவியில் நடுங்க நடுங்கக் குளித்துவிட்டு, கரையேறின கையோடு கொதிக்கக் கொதிக்கச் சுக்குக் காப்பி குடித்தால் எந்தப் பல்தான் சும்மா இருக்கும். நீங்களும் நேற்று அதைத்தான் செய்திருக்கிறீர்கள். வெட்கப்பட ஒன்றும் இல்லை, இந்த நாற்காலியில் சாய்ந்துகொள்ளுங்கள். அந்தக் கடைவாய்ப் பல்லைப் பார்த்துக்கொண்டே, மதராஸிலிருந்து நீங்கள் விசாரிக்க வந்த விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். மறைக்க என்னிடம் ஒன்றும் கிடையாது.

டாக்டர் வீட்டில் இல்லையா என்று கேட்டீர்கள். பின்கட்டில் இருக்கிறார். ஆனால் அவரிடம் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

என் பெயர் மங்களேஸ்வரி. என் வீட்டுக்காரர் நம்பிராஜன் கல்கத்தாவில் பல் வைத்தியம் படித்தவர். ஆண்களுக்கு அவர் பார்ப்பார். அந்நிய ஆண்பிள்ளைக்கு முன்னால் வாயைத் திறக்கமாட்டோம் என்று ஊர்ப் பெண்கள் சொல்லிவிட்டதால், அவர்களுக்கு நான் பார்க்கப் பழகினேன். காலால் மிதித்துச் சுழற்றும் துளைக்கருவியை அவரைவிட நான் சீராக மிதிப்பேன். தையல் மெஷின் மிதித்த கால்.

ஐரோப்பாவில் சண்டை தொடங்கிச் சீமையிலிருந்து அடைப்புச் சாமான் வருவது நின்றதும், அவர் மாட்டுத் தொழுவத்தைச் சோதனைச்சாலை ஆக்கினார். துத்தநாகப் பொடி, நம் மலைக் கிராம்பில் வடித்த எண்ணெய், கொஞ்சம் குங்கிலியம். கண்ணாடித் தட்டில் போட்டுக் குழைத்தால் வெண்ணெய் மாதிரி வரும். சற்று நேரத்தில் கல்லாகிவிடும். இதோ இப்போது குழைக்கிறேனே, இதுதான்.

பிடுங்கின பற்களைச் சாந்தில் பதித்து, ஓட்டை போட்டு, அடைத்து, வெந்நீரிலும் அருவித் தண்ணீரிலும் மாற்றி மாற்றி முக்குவார். அதன்மேல் அம்மிக் குழவியை ஏற்றி வைப்பார். அடைப்பு அசையாது. அவருக்கு அது போதுமாக இருந்தது. எனக்குப் போதவில்லை. சாந்தில் இருக்கிற பல் முறுக்குத் தின்னுமா, வெற்றிலை போடுமா, அடுத்த வீட்டுக்காரியை ஏசுமா. உயிருள்ள வாயில் வைத்துப் பார்க்காத ஒன்றை ஊராருக்கு வைப்பது பாவம் என்று எனக்குப் பட்டது. பாதுகாப்பு விஷயத்தில் நான் கொஞ்சம் கண்டிப்பு.

முதலில் அவருக்கே வைத்தேன். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அவர் வாயைத் திறந்துகொண்டுதான் உறங்குவார். கை கொஞ்சம் தாராளமாகப் போய்விட்டது. மேல் வரிசையும் கீழ் வரிசையும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டன. எழுந்தவர் இரண்டு கையாலும் எனக்கு என்னவெல்லாமோ விளக்கினார். வீட்டில் வேறு யாரும் கவனிக்கவில்லை. வேலைக்கு வருகிற முருகம்மாள் மட்டும் சாயங்காலம் கேட்டாள்.

“ஐயா இன்னைக்கு எதுக்குமே கொறை சொல்லலயேம்மா. மேலுக்குச் சரியில்லயா?”

அவர் கஞ்சியைப் பல்லிடுக்கில் உறிஞ்சிக் குடித்தார். மூச்சுக்கு மூக்கு இருக்கிறது. ஆகவே உயிருக்கு ஆபத்தில்லை என்பது உறுதியாயிற்று. வெதுவெதுப்பான நல்லெண்ணெயைக் கடைவாயில் விட்டுக்கொண்டே இருந்தால் பிடி தளரும் என்பதையும் அப்போதுதான் கண்டுபிடித்தேன். வேறு எதற்கும் அது மசிகிறதில்லை.

அடுத்தபடியாகக் கடுமையாக உழைக்கிற வாய் ஒன்று தேவைப்பட்டது. எங்கள் குடும்பத்தில் அப்படி ஒரு வாய்தான் உண்டு. அவருடைய அக்கா, வாசுதேவநல்லூரில் வாழ்க்கைப்பட்ட ஆவுடைத்தாய் மதினி.

இந்த இடத்தில் எங்கள் குடும்பங்களில் உள்ள ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பெண்ணை வெளியில் நிச்சயம் செய்தால், தாம்பூலத் தட்டு மாற்றுவதற்கு முன் பெரியவர் ஒருவர் சபையில் மும்முறை கேட்பார், முறைக்காரர் யாருக்கும் மறுப்பு உண்டா என்று. அத்தைக்கு மகன் இருந்தால் அவளுக்குத்தான் உரிமை. ‘என் மகன் இருக்கிறான்’ என்று ஒரு வார்த்தை சொன்னால் தட்டு அப்படியே நிற்கும். மூன்று முறையும் பேசாமல் இருந்துவிட்டால் சம்மதம்.

மதினிக்கு ஒரு மகன், இசக்கிப்பாண்டி. எனக்கு ஒரு மகள், நாச்சியார். நான் நாச்சியாரை மருந்துக் கடை ஆறுமுகநயினார் மகனுக்குப் பேசி முடித்திருந்தேன்.

நிச்சயத்தன்று காலையில் மதினி மகனோடு வந்து இறங்கினார்கள். கன்னத்தில் கையை வைத்துக்கொண்டுதான் இறங்கினார்கள். நான் வற்புறுத்தவே இல்லை. “சபையில பேசும்போது பல்லு வலிச்சா என்ன செய்வீய, மதினி?” என்று மட்டும் கேட்டேன். சற்று யோசித்துவிட்டு அவர்களே வந்து இந்த நாற்காலியில் ஏறி உட்கார்ந்தார்கள்.

“ஏட்டி, நல்லா இறுக்கி அடை. இன்னைக்கு எனக்குப் பேசுததுக்கு நெறைய கெடக்கு.”

“இறுக்கியே அடைக்கேன், மதினி.”

அவர்கள் கேட்டதைத்தான் செய்தேன். இதில் வஞ்சகம் எங்கே வந்தது என்று நீங்களே சொல்லுங்கள். இல்லை, இப்போது சொல்ல வேண்டாம். இன்னும் நன்றாகத் திறங்கள். ஆமாம், அப்படித்தான்.

ஒரே வாயில் பார்த்துவிட்டு முடிவுக்கு வரக்கூடாது என்று டாக்டர் அடிக்கடி சொல்லுவார். வயதான வாய்க்கு ஒப்பிட ஓர் இளம் வாய் வேண்டும் அல்லவா. நாச்சியாருக்குச் சொத்தைப் பல் கிடையாது. அதனால் ஒரு சின்ன ஓட்டை போட வேண்டி வந்தது. வலித்திருக்காது, கிராம்பு எண்ணெய் மரக்கவைத்துவிடும். அழுதது என்னவோ வாஸ்தவம். நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள்.

“எம்மா, எனக்கு அத்தை மவனத்தான் பிடிச்சிருக்கு. அந்த மருந்துக் கடைக்காரவுக வேண்டாம்மா.”

பேச்சை வளர்த்தால் குழைத்தது இறுகிவிடும். அதனால் வாயைத் திறக்கச் சொன்னேன். டாக்டருக்கும் அன்றைக்கு மறுபடி வைத்தேன். மகளுக்காக ஏதாவது பேசிவைத்தால் சோதனை கெட்டுவிடும்.

சபையில் ஊர்ப் பெரியவர் சொரிமுத்து அண்ணாச்சி எழுந்து முதல் முறை கேட்டார். ஒரு சத்தம் இல்லை. இரண்டாம் முறை கேட்டபோது மதினி எழுந்து மார்பில் அடித்துக்கொண்டார்கள். கண்ணிலிருந்து தாரை தாரையாகக் கொட்டிற்று. அத்தைக்காரிக்கு மருமகள்மேல் எவ்வளவு பாசம் என்று சம்பந்தி வீட்டுப் பெண்கள் தாங்களும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மூன்றாம் முறை நாச்சியார் தலையைப் பலமாக ஆட்டினாள். பெண் வெட்கப்படுகிறது என்றார்கள். இசக்கிப்பாண்டி எழுந்து நின்றான். முறைப்பையன் தனக்காகத் தானே பேசுவது வழக்கமில்லை, தாயார் சும்மா இருக்கும்போது உனக்கென்ன என்று அவனைக் கையமர்த்திவிட்டார்கள். அவன் வாயில் நான் ஒன்றும் வைக்கவில்லை என்பதைத் தயவுசெய்து கவனியுங்கள்.

தட்டு மாறிற்று. பந்தியில் எங்கள் வீட்டார் மூன்று பேரும் ஒரு பருக்கை தொடவில்லை. விருந்தாளிகள் சாப்பிடட்டும் என்று காத்திருக்கிறார்கள் என்று அதற்கும் நல்ல பெயர். மாப்பிள்ளையின் தாயார் என் கையைப் பிடித்துக்கொண்டு, “இப்பிடி ஒரு அமைதியான குடும்பத்த நான் பாத்ததே இல்ல, சம்பந்தி” என்றாள்.

ஆறுமுகநயினாருக்குத் திருநெல்வேலி வரைக்கும் மருந்துக் கடைகள் உண்டு. எங்கள் அடைப்பைச் சீசாவில் போட்டு எல்லாக் கடையிலும் விற்றுத் தருவதாக ஒப்புக்கொண்டிருந்தார். அது தற்செயல்.

மறுநாள் எல்லாருக்கும் நானே நல்லெண்ணெய் காய்ச்சி ஊற்றினேன். மதினியின் வாய் அன்று திறந்ததுதான், இன்றுவரை மூடவில்லை. உங்கள் மருந்துச் சோதனை ஆபீசுக்கு வந்த புகாரும் அந்த வாயிலிருந்து கிளம்பியதுதான். சபையை மறுபடி கூட்ட வேண்டும், அதுவரை ஊர் திரும்பமாட்டோம் என்று மகனோடு இங்கேயே தங்கியிருக்கிறார்கள். சோதிக்க வந்த அதிகாரி தம் வாயால் இது வேண்டுமென்றே செய்த காரியம் என்று சொன்னால் நிச்சயத்தை ரத்து செய்யலாம் என்று சொரிமுத்து அண்ணாச்சியும் சொல்லிவிட்டார். ஆவணியில் கல்யாணம். உங்கள் வார்த்தைக்காகத்தான் அவர் முன்வாசலில் காத்திருக்கிறார்.

நாச்சியாரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கு அடைப்பு முழுக்கக் கரைந்துவிட்டது, நானே விளக்குப் பிடித்துப் பார்த்தேன். முருகம்மாளோடு பேசுகிறாள், பசுவோடு பேசுகிறாள். என்னிடம் மட்டும் அன்றிலிருந்து வாய் திறக்கவில்லை. பொருள் போன பிறகும் பிடி விடவில்லை, பாருங்கள். சீமைச் சாமானில் இந்த உறுதி கிடையாது. இதை நீங்கள் மதராஸில் எடுத்துச் சொல்லலாம்.

சரி, முடிந்தது. வாயை மூடுங்கள். அழுத்திக் கடியுங்கள். இன்னும் கொஞ்ச நேரம்.

இனிமேல் முழுவதையும் சொல்லிவிடலாம். தெரிந்தேதான் செய்தேன். மதினி வாயை அடைத்ததும் தெரிந்துதான், பெற்ற மகள் வாயை அடைத்ததும் தெரிந்துதான். அவள் நன்றாக இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எண்ணமே கிடையாது. உங்களுக்குக் கொஞ்சம் கூடுதலாக வைத்திருக்கிறேன். கையை ஆட்டாதீர்கள், உங்கள் அளவுக்கு டாக்டரும் ஆட்டிப் பார்த்தார், இன்று காலையில்கூட.

அண்ணாச்சி, உள்ளே வாருங்கள். ஐயா பரிசோதித்துவிட்டார். முறைப்படி உங்கள் முன்னிலையிலேயே கேட்டுவிடுகிறேன். எங்கள் அடைப்பில் குறை உண்டா, ஐயா? என் பேரில் குறை உண்டா? நாச்சியார் கல்யாணத்துக்கு மறுப்பு உண்டா?

பார்த்தீர்களா, அண்ணாச்சி. ஐயாவுக்குக் கண்கூடக் கலங்கிவிட்டது.

அடுக்களையிலிருந்து நல்லெண்ணெய் காயும் வாசம் வருகிறது. நாச்சியார்தான். கூடவே இசக்கிப்பாண்டி குரலும் மதினி குரலும் கேட்கின்றன. மதராஸ் விருந்தாளிக்கு என்று ஏதோ பலகாரத்துக்கு எண்ணெய் வைத்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லவில்லை. என்னிடம் பேசாவிட்டால் என்ன, என் மனசறிந்து நடக்கிற பிள்ளை.