வீட்டுக்குப் போற வழி

— செத்தும் உங்க அத்தான் பெரிய ஆளுய்யா. இந்தக் கிளவுடுல நம்ம கம்பெனி நெட்வொர்க் மொத்தமும் இன்னும் அவரு கைப்பிடியில இருக்கு. திறக்க, மூட, அழிக்க, எல்லா உரிமையும்.

— கேபிளுக்குக் குழி வெட்டி மேல வந்த மனுஷன். ஒவ்வொண்ணுக்கும் போய்க் கைகட்டி நின்னு கேக்கப் பொறுமை ஏது? எல்லா உரிமையையும் உச்சியில ஒரேயடியா தன் பேருல எழுதிக்கிட்டாரு.

— உச்சியில எழுதுனா அடிமட்டம் வரைக்கும் பாயுமே! சரி, அது போவட்டும். அவரு கணக்கு தினமும் விடியறப்போ உள்ள வருது மச்சான். ஒவ்வொரு வழியா தட்டிப் பாத்துட்டுப் போவுது.

— அக்காவா இருக்கும். பாஸ்வேர்டு அவளுக்குத் தெரியும்.

— உங்கக்கான்னா நான் மேலிடத்துக்கு எழுதித்தான் ஆகணும்.

— எழுதிராத மாப்ள, உன்னக் கும்பிடுறேன். கேஸாயிரும். ரெண்டு புள்ளைங்கள வச்சுக்கிட்டு அவ ஒருத்தி என்ன பண்ணுவா? கமுக்கமா உரிமைய வெட்டி விடு.

— உனக்காக. நம்ம வழக்கம்தான்: பிடுங்கு, எவன் கத்துறான்னு பாரு, கத்துனவனுக்குத் தேவையானத மட்டும் கொடு. இந்தா, பிடுங்கியாச்சு.

— யாரும் கத்தல. தப்பிச்சோம்.

— இரு... வருது. அவரு கணக்குலேருந்தே அனுமதி கேட்டு வருது.

— என்ன கேக்குது?

— ‘எல்லாம் வேண்டாம். வீட்டுக்குப் போற வழி ஒண்ணு திறந்தா போதும்.’ அவரு வீட்டுலேருந்து வேலை பாக்க இழுத்த லைனு. பரவால்லயே, உங்கக்கா பேராசைக்காரி இல்ல. கொடுத்துட்டேன்.

— கொடுத்துட்டியா? யோவ், அக்கா வீட்டுலதான இருக்கா! அவளுக்கு எதுக்கு வீட்டுக்குப் போற வழி?

— ஏன், வேற எங்கயாவது... போனப் போடு. ஸ்பீக்கர்ல போடு.

— அக்கா, நான்தான். அத்தானோட லேப்டாப்ப மூடி வை. இனிமே தொடாத, உனக்குப் புண்ணியமாப் போவும்.

— என்னடா உளர்ற? அது எங்க இருக்கு தொட? அது பக்கத்துல இல்லன்னா கண்ணு மூட மாட்டாரேன்னு, பெட்டியில அவரு நெஞ்சு மேல வச்சு, வேட்டியப் போட்டு மறைச்சது நான்தான். முதப்பிடி மண்ணு நீதான தம்பி போட்ட?