துரை காருக்கு மழைத்தண்ணீர்

காருக்கு எந்தத் தண்ணீரை ஊற்றுவது என்பதை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. தண்ணீர் தண்ணீர்தானே என்கிறார்கள். ஐயா, நீங்களும் சற்று முன்பு அப்படித்தான் சொன்னீர்கள். ஆகவே அங்கிருந்தே தொடங்குகிறேன்.

எஞ்சினின் சூட்டைத் தணிப்பது ரேடியேட்டரில் இருக்கும் தண்ணீர். ஆற்றுத் தண்ணீரில் வண்டல் உண்டு. எங்கள் பக்கத்துக் கிணறுகளில் காவி படியும். இரண்டும் குழாய்களுக்குள் பொறுக்குக் கட்டி அடைத்துவிடும். மழைத்தண்ணீர்தான் சரி. அதிலும் கூரையைக் கழுவிக்கொண்டு வரும் முதல் மழை ஆகாது. அடுத்த மழையைத் துணியில் வடிகட்டிப் பிடிக்க வேண்டும்.

எஹலியகொடைக்கு மேலே எங்கள் ரப்பர் தோட்டத்தில் இதை யாரிடம்தான் சொல்லவில்லை? நான் காய்ச்சலில் கிடந்தபோது பங்களா சமையல்காரன் ஓடைத் தண்ணீரை வாளியோடு ரேடியேட்டரில் கவிழ்த்துவிட்டான். அது பாழானது. தோட்டத்துத் துரை அவனை ஒன்றும் சொல்லவில்லை. என்னைத்தான் எல்லோர் முன்னும் ஏசினார். கொழும்பிலிருந்து புதியது வந்தபோது, "இதுவும் கெட்டா நீ திரும்ப பால்வெட்டப் போ" என்றார். ரப்பர் மரத்தில் பால்வெட்டுவதிலிருந்து டிரைவர் சீட்டுக்கு வர நான் பட்ட பாடு எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் எங்கள் தோட்டத்துத் தொழிலாளி அழகமுத்துவின் மனைவி வெள்ளையம்மாவுக்குப் பிரசவம் சிக்கலாயிற்று. பிள்ளை குறுக்கே கிடக்கிறது, உடனே இரத்தினபுரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார் தோட்டத்து டாக்டரையா. துரை காரைத் தந்தார். அவளைப் பின்சீட்டில் படுக்கவைத்து, அழகமுத்துவை அருகில் உட்காரவைத்துக் கிளம்பினேன். சீட்டில் படுதா விரித்திருந்தேன்.

குருவிட்டைக்கு முன்னால் ஓர் ஏற்றத்தில் ரேடியேட்டர் குழாய் ஒன்று கழன்றது. தண்ணீர் கொட்டிப்போய் ஆவி கிளம்பியது. கபூர் நானாவின் தேத்தண்ணிக் கடைக்கு எதிரே வண்டியை நிறுத்தினேன். குழாயைக் கம்பியால் கட்டி, எஞ்சின் ஆறும்வரை காத்திருந்தேன். கொதிக்கிற எஞ்சினில் பச்சைத்தண்ணீர் பட்டால் இரும்பு பிளந்துவிடும். அதுவரை செய்ததில் யாரும் குற்றம் காண முடியாது.

கபூர் நானா வாளியோடு வந்தார். "பீப்பா நெறயத் தண்ணி ஈக்கி. ஊத்திட்டுப் போங்களேன்."

கிணற்றுத் தண்ணீர். வாளியின் அடியில் காவி தெரிந்தது. வேண்டாம் என்றேன்.

"அப்ப ஏன்ட மாட்டு வண்டிய கட்டவா?"

கார் இருக்கும்போது மாட்டு வண்டி எதற்கு என்றேன்.

அழகமுத்து என் காலைப் பிடித்தான். "அண்ணே, எந்தத் தண்ணியா இருந்தா என்னண்ணே? ஊத்துங்கண்ணே. புள்ள செத்துரும்."

அவனுக்கும் எல்லாவற்றையும் பொறுமையாக விளக்கினேன். அவன் காதில் விழவில்லை. அவனே வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தான். ரேடியேட்டர் மூடியைச் சட்டைப்பைக்குள் போட்டுப் பொத்தானைப் பூட்டி, ரேடியேட்டரின் திறந்த வாயைக் கையால் மறைத்துக்கொண்டேன். மலையடியில் பீலி இருக்கிறது, பாறையிலிருந்து வருகிற சுத்தமான தண்ணீர், ஓடிப்போய்க் கொண்டு வா என்றேன். அவன் வாளியோடு ஓடினான்.

வெள்ளையம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கபூர் நானாவின் பீப்பாய்த் தண்ணீரைக் கொடுத்தேன். மனிதருக்கு அது போதும்.

காரின் பின்பெட்டியில் என்ன இருந்தது என்று கேட்கிறீர்கள். இரண்டு டின் மழைத்தண்ணீர் இருந்தது. நானே வடிகட்டிப் பிடித்தது. மறுநாள் துரைக்குக் கொழும்புப் பயணம், அதற்காக வைத்திருந்தேன். மழை ஓய்ந்த சமயம், தோட்டத்துப் பீப்பாய் காலி. அதை ஊற்றியிருந்தால் உடனே கிளம்பியிருக்கலாம் என்பதும் எனக்குத் தெரியும். அவள் முனகும்போதெல்லாம் அந்தப் பெட்டியைப் பார்த்தேன். ஒரு முறை திறந்தும் பார்த்தேன். திரும்ப மூடிவிட்டேன்.

அழகமுத்து மூச்சிரைக்கத் திரும்பியபோது அவள் பேச்சு நின்றிருந்தது. கபூர் நானாவின் மனைவி ஸைனம்பு அவள் கண்களை மூடிவிட்டுக்கொண்டிருந்தாள். வயிற்றுப் பிள்ளையும் அசையவில்லை. அழகமுத்து வாளியைக் கீழே வைக்கவில்லை, அப்படியே நின்றான். நான் அதை வாங்கித் துணியில் வடிகட்டி ஊற்றினேன். நல்ல தண்ணீர்தான், வண்டல் துளியும் இல்லை. பிறகு அவளைத் தோட்டத்துக்கே திருப்பிக் கொண்டு வந்தேன்.

நேரத்துக்கு வந்திருந்தால் இருவரும் பிழைத்திருப்பார்கள் என்று விசாரணையில் ஆஸ்பத்திரி டாக்டர் சொன்னதாகச் சொல்கிறீர்கள். இருக்கலாம். தெரிந்தேதான் தாமதித்தேன், அதை மறுக்கவில்லை. ஆனால் ஒரு ரேடியேட்டர் கெட்டால் யார் பதில் சொல்வது என்று அந்த டாக்டரை யாரும் கேட்கப்போவதில்லை.

மறுநாள் துரையைக் கொழும்புக்குக் கொண்டுபோனேன். வழியில் ஓரிடத்திலும் வண்டி கொதிக்கவில்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. வேறு யாரும் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்கள்.