ஸ்பூனிலிருந்து வந்த சிங்கம்

— என்னது? அந்தப் பட்டன் கம்பெனி குமாஸ்தா உனக்கு வெள்ளி வாங்கிக் கொடுத்தானா? ஏ பெர்சி, உள்ள என்ன பண்ற? இங்க வந்து இந்தக் கூத்தக் கேளு!

— விளக்கிட்டிருக்கேன் ஹில்டா. கையெல்லாம் பவுடர்.

— நீ எப்பவும் விளக்கிக்கிட்டேதான் இருப்ப. வா இங்க. உன் கொழுந்தியா வெள்ளி டீபாட் தூக்கிட்டு வந்திருக்கா. கல்யாணப் பரிசாம். ஆம்ப்ரோஸ் மகாராஜா கொடுத்தாராம்.

— கேலிய அப்புறம் வச்சுக்கோ அக்கா. மொதல்ல பொருளப் பாரு. வெள்ளியில குத்தியிருக்கிற முத்திரையப் பாத்து வருஷம் சொல்றதுல இந்த பர்மிங்காம்ல உன்ன அடிச்சுக்க ஆள் இல்லன்னு நீதானே சொல்லுவ?

— நான் சொல்றதில்லடி, ஊர் சொல்லுது. அதுக்காக அவன் கொடுத்ததெல்லாம் நான் பாக்கணுமா? வெள்ளிய சோதிச்சு முத்திரை குத்துற ஆபீஸ்ல காலமெல்லாம் சுத்தியல் பிடிச்ச மனுஷனுக்குப் பொண்ணாப் பிறந்துட்டு, போயும் போயும் பட்டனுக்கு நாலு ஓட்டை இருக்கா, ரெண்டு ஓட்டை இருக்கான்னு எண்ணுறவனக் கட்டிக்கப் போற. நாப்பத்தொரு வயசு வரைக்கும் பொறுத்தவ, இன்னும் ரெண்டு வருஷம் பொறுத்தா என்ன கெட்டுப்போச்சு?

— இன்னும் ரெண்டு வருஷம், இன்னும் ரெண்டு வருஷம்னு நீ சொல்லிச் சொல்லித்தான் எனக்கு நாப்பத்தொண்ணு ஆச்சு.

— கேட்டியா பெர்சி, வாயி! இதுக்கு முன்னாடி இவளுக்கு இந்த வாயி கிடையாது. அவனோட சேந்து வந்தது.

— அது வந்து... டீ ஆறிப்போவுது ஹில்டா. கேக் வேற வெட்டி வச்சிருக்கேன். மொதல்ல சாப்பிட்டுடலாமே.

— சாப்பிடலாம், இதுலயே ஊத்திச் சாப்பிடலாம். துணியப் பிரி நோரா. அடேயப்பா! என்ன மினுக்கு! இதுல முகம் பாத்துத் தலை வாரிக்கலாம் போலிருக்கே. ஆபீஸ்ல வேலை இல்லாதப்ப உக்காந்து தேய்ச்சானோ?

— அவர் தேய்க்கல. வித்தவங்களே தேய்ச்சுக் கொடுத்தாங்களாம்.

— யாரு வித்தா?

— பொருளப் பாரு. பாத்துட்டுக் கேளு.

— பெர்சி, பூதக்கண்ணாடிய எடு. ஏன் மரம் மாதிரி நிக்கிற?

— எங்கயோ வச்சுட்டேன் போல...

— உன் கழுத்துலயே தொங்குது. கழட்டு. என்னத்துக்கு இன்னிக்கு இப்படி வேர்த்து வழியுது உனக்கு? ம்... இந்தா, அடியில சிங்க முத்திரை. வலது முன்னங்கால் தூக்கி நடக்குது. வெள்ளி, சந்தேகமில்ல. பக்கத்துல கிரீடம் வச்ச சிறுத்தைத் தலை, அப்ப லண்டன். அப்புறம் வருஷத்துக்குச் சின்ன 'ஜி' எழுத்து. ஆயிரத்து எழுநூத்தி நாப்பத்திரண்டு. கடைசில செஞ்சவனோட ரெண்டு எழுத்து. ஒண்ணு தேஞ்சுபோச்சு.

— அப்ப நல்ல பொருளா?

— பறக்காத. கேட்டுக்கோ. முத்திரை அசல். அது உக்காந்திருக்கிற இடம்தான் பொய்.

— எப்படிச் சொல்ற?

— அந்தக் காலத்துல தேயிலை என்ன விலைடி? பெட்டில வச்சுப் பூட்டி, சாவிய வீட்டம்மா இடுப்புல சொருகிட்டுத் திரிவா. டீபாட் என் கைமுட்டி அளவுதான் இருக்கும். இதப் பாரு! இதுல ஒரு பட்டாளத்துக்கே டீ போட்டு, மிச்சத்துல குழந்தையக் குளிப்பாட்டலாம்.

— கொஞ்சம் பெருசா வேணும்னு யாராவது பணக்காரங்க சொல்லிச் செஞ்சிருக்கலாமே ஹில்டா.

— பெர்சி, நீ இருபது வருஷமா இந்தக் கடையிலதான் இருக்கியா, இல்ல பக்கத்து மீன் கடையிலயா?

— இல்ல, கல்யாண நேரத்துல எதுக்கு வம்புன்னு...

— வாய மூடு. நோரா, இன்னொண்ணு கேட்டுக்கோ. டீபாட் அடியில முத்திரை குத்துறவன் அங்க ஒண்ணு இங்க ஒண்ணுன்னுதான் குத்துவான். இடம் தாராளமா இருக்குல்ல? இங்க பாரு, நாலும் ட்ராமுக்கு நிக்கிற கூட்டம் மாதிரி வரிசையா, ஒண்ணு முதுக ஒண்ணு இடிச்சுக்கிட்டு நிக்குது. இப்படி நெருக்கி எதுல குத்துவாங்க?

— ஸ்பூன் காம்புல.

— அப்பா பொண்ணுதான்டி நீ! ஒடஞ்ச ஸ்பூனோட காம்ப வெட்டி, இதோட அடியில பள்ளம் பறிச்சு, அந்தத் துண்ட உள்ள வச்சுப் பத்த வச்சிருக்கான். உடம்பு விக்டோரியா மகாராணி காலத்துது. நூறு வருஷம் கழிச்சுப் பிறந்ததுக்குக் கொள்ளுத்தாத்தாவோட பேர எழுதி வச்ச கதை.

— ஊதிப் பாக்காமலே சொல்றியே.

— ஊதுறேன், அதுக்கென்ன? அப்பா சொல்லுவாரே, கட்டிக்கப் போறவனா இருந்தாலும் ஊதிப் பாத்துட்டுத்தான் வீட்டுக்குள்ள விடணும்னு. ஹா... ஹா... இந்தா, ஆவி காயறதுக்குள்ள பாரு. முத்திரையச் சுத்தி ஒட்டுப்போட்ட கோடு எழும்புதா? ஒடுக்கமா, நீளமா?

— தெரியுது.

— முடிஞ்சது. உன் மாப்பிள்ளையோட யோக்கியதை அந்தக் கோட்டுக்குள்ள அடங்கிப்போச்சு. அந்த மீசையப் பாத்த அன்னிக்கே நான் சொன்னேனா இல்லயா?

— அவருக்கே தெரியாம இருந்தா?

— தெரிஞ்சு கொடுத்திருந்தா திருடன். தெரியாமக் கொடுத்திருந்தா முட்டாள். சிங்கத்துக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாத ஜென்மம். ரெண்டுல எதக் கட்டிக்கிறதுன்னு நீயே யோசிச்சுக்கோ.

— அவருக்குத் தெரியாது அக்கா. அசல்னு சொல்லித்தான் வித்திருக்காங்க. சேத்து வச்சதையெல்லாம் கொடுத்து வாங்கியிருக்கார். அப்ப வித்தவங்கள என்ன சொல்லுவ?

— வித்தவனா? அவன் சண்டாளன்! விவரம் தெரியாதவன் தலையில தெரிஞ்சே கட்டுறது, சர்ச்சுல காணிக்கைத் தட்டுல கை வைக்கிற மாதிரி. முத்திரைல பொய் பண்றவனத் தூக்குல போடலாம்னு சட்டம் இருந்த நாடு இது. இப்ப எல்லாருக்கும் குளிர்விட்டுப் போச்சு.

— போதும் ஹில்டா. பாவம், யாரு எந்த நெலைமையில வித்தாங்களோ.

— உன்ன யாரு அந்தத் திருடனுக்கு வக்கீலா வச்சது? கேக்க வெட்டிக் கொடு, போ.

— அத்தான் இங்கயே இருக்கட்டும். அக்கா, நாம ஒரு பேச்சு பேசிக்கலாம். அப்பா இல்ல, கூடப் பிறந்த ஆம்பள இல்ல. சனிக்கிழமை நீதான் என் கையப் பிடிச்சு சர்ச்சுக்குள்ள கூட்டிட்டுப் போகணும்னு நான் ஒரு மாசமாக் கெஞ்சறேன். நீ முடியாதுன்னு முரண்டு பிடிக்கிற.

— இப்பவும் முடியாது. மாப்பிள்ளைய மாத்து, வரேன்.

— ஆம்ப்ரோஸ் தெரிஞ்சே இதக் கொடுத்தார்னா கல்யாணத்த இன்னிக்கே நிறுத்திடறேன்.

— இது பேச்சு!

— அவர் ஏமாந்துதான் போயிருந்தார்னா, நீ அந்த நீலத் தொப்பிய மாட்டிக்கிட்டு வந்து என் கையப் பிடிக்கணும்.

— ம்... சரி. தொப்பி அலமாரில சும்மாதான் கிடக்கு.

— இன்னொண்ணு. தெரிஞ்சே இத அவர்கிட்ட தள்ளிவிட்டது யாரோ, அவங்க என் கல்யாணத்துக்கு சர்ச் வாசப்படிய மிதிக்கக் கூடாது. அது யாரா இருந்தாலும் சரி. சம்மதமா?

— கேக்கணுமா? நானே வாசல்ல நின்னு குடையால அடிச்சு விரட்டுறேன். அப்பாவோட இந்தப் பூதக்கண்ணாடி மேல சத்தியம்.

— ஐயோ, சத்தியமெல்லாம் எதுக்கு ஹில்டா...

— அத்தான், இப்ப நீங்க சொல்லுங்க. ஆம்ப்ரோஸ் இத எங்க வாங்கினார்?

— அது வந்து... எனக்கு எப்படிம்மா...

— விளக்கிக் கொடுத்தது நீங்கதானே?

— என்ன உளறுறா இவ? பெர்சி! என்னப் பாத்துப் பேசு.

— போன வியாழக்கிழமை ஹில்டா. நீ செஸ்டர்ல ஏலத்துக்குப் போயிருந்த. அவர் வந்தார். நல்ல மழை, தொப்பலா நனைஞ்சுட்டு. 'உங்க கடையிலயே வாங்கினா நோராவோட அக்காவுக்கு என் மேல இருக்கிற கோவம் கொஞ்சம் தணியும்'னார்.

— நம்ம கடையிலயா? நம்ம கடைல இந்தக் கருமாந்திரம் ஏது? நான் கண்ணால கண்டதில்லையே!

— கண்டிருக்க. அப்ப கரிச்சட்டி மாதிரி இருந்துச்சு. ஒரு தடவை நீ மொத்தமா அள்ளிட்டு வந்த சரக்குல இதுவும் வந்தது. ஊதிப் பாத்துட்டு, 'தேறாது, கீழ்த்தட்டுல போடு'ன்ன. வருஷக்கணக்கா அங்கயே கிடந்தது.

— கீழ்த்தட்டுல இருக்கிறது விக்கிறதுக்கா? உருக்கறதுக்குத்தானே! உனக்கு மண்டையில ஏதாவது இருக்கா? எங்க அப்பா பேரக் கடைக்கு வச்சு வெளிய பலகைல தொங்க விட்டிருக்கேன்! நீதான்யா சர்ச் பக்கம் தலை வச்சுப் படுக்கக் கூடாது. பாத்தியா நோரா, நான் வாங்கி வந்த வரத்த?

— இரு அக்கா. அத்தான், ஒரு டீஸ்பூன் விக்கறதுக்கே நீங்க அக்கா முகத்தப் பாப்பீங்க. இத மட்டும் கேக்காம வித்துட்டீங்களா?

— விட்டுடும்மா.

— நீங்க சொல்லணும். எனக்கு அது ஒண்ணுதான் தெரியணும்.

— நான் கேக்கல. அவளாவேதான் சொல்லிட்டுப் போனா. அன்னிக்குக் காலைல ஏலத்துக்குக் கிளம்பறப்ப, கோட்ட மாட்டிக்கிட்டே. 'அந்தப் பட்டன்காரன் பரிசு வாங்க இங்க வரப் போறானாம். வந்தா கீழ்த்தட்டுலேந்து எதையாவது மினுக்கித் தள்ளிவிடு. அவனுக்குச் சிங்கத்துக்கும் பூனைக்கும் வித்தியாசம் தெரியாது'ன்னு.

— அது... அது நான் கேலிக்குச் சொன்னதுடி, சொன்னதே மறந்துபோச்சு. வாய் இருக்கே, ஏதோ ஒரு பேச்சுக்கு... ஏன் பெர்சி, கேலி எது, நெஜம் எதுன்னு உனக்குத் தெரியாதா?

— இருபது வருஷத்துல நீ சொன்ன எதையும் கேலின்னு நினைச்சு நான் தப்பிச்சதில்ல ஹில்டா.

— நீ ஏமாந்திருப்ப, அத்தான் கவனிச்சிருக்க மாட்டார், அவ்வளவுதான் இருக்கும்னு நினைச்சுத்தான் நான் ட்ராம் ஏறினேன் அக்கா. வழியெல்லாம் அதத்தான் வேண்டிக்கிட்டு வந்தேன்.

— அத ஏன்டி திரும்பத் துணியில சுத்துற? இங்க வை. மேல்தட்டுல எது வேணுமோ எடுத்துக்கோ. அந்தச் சின்னது, அசல் லண்டன், அத எடுத்துக்கோ. காசும் திருப்பித் தந்துடறேன்.

— வேண்டாம்.

— நோரா, நானும் தெரிஞ்சேதான் வித்தேன்மா. என்னையும் சேத்துத் திட்டு.

— நீங்களும் வர வேண்டாம் அத்தான். சனிக்கிழமை நான் தனியாவே உள்ள போய்க்கறேன். அக்காதான் குடையோட வாசல்ல நிக்கறேன்னு சத்தியம் பண்ணியிருக்காளே, கூட நின்னுக்கோங்க. மழை வந்தா குடை உதவும்.

— நோரா, ஏய், நில்லுடி. அந்த மனுஷன்... அவர்கிட்ட மட்டும் சொல்லிடாத. ஊர் பூரா சிரிக்கும். என் பேரு போயிடும்.

— அவருக்கு நேத்தே தெரியும் அக்கா. நான்தான் ஊதிக் காட்டினேன். 'பாவம், உங்க அக்காவ யாரோ நல்லா ஏமாத்திட்டாங்க நோரா, தெரிஞ்சா உடைஞ்சு போயிடுவாங்க, அவங்ககிட்ட சொல்லிடாத'ன்னுட்டு, இன்னிக்குக் காலைல உன் நீலத் தொப்பிக்குப் பொருத்தமா பூ வாங்கப் போயிருக்கார்.